வெற்றிலைத் தட்டும் மாதச் சம்பளமும்: ஓர் இசைக் கொடையின் கதை

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், எஸ்பிளனேடு சாலையில் ராஜா அண்ணாமலை மன்றம் நிற்கிறது. மார்கழியில் கச்சேரி கேட்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும்தான் போவார்கள். இந்தப் பக்கம் வக்கீல்கள், மொத்த வியாபாரக் கடைகள், பாரிமுனைக்கு வந்து திரும்பும் பேருந்துகள். இந்த இரைச்சலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தால் மேடையில் ஒரு வித்தியாசம் தெரியும். மற்ற சபாக்களில் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வரும் தமிழ்ப் பாட்டு, இங்கே முதலிலிருந்தே வருகிறது. நடுவில் விரிவாகப் பாடும் உருப்படியும், அதாவது ராகமும் தாளமும் அமைந்த முழுப் பாட்டும், தமிழ்தான்.

இந்த மன்றமும் இதன் தமிழிசைச் சங்கமும் சிதம்பரத்தில் உள்ள இசைக் கல்லூரியும் ஒரே குடும்பத்தின், செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியார் குடும்பத்தின், பணத்தில் எழுந்தவை. அந்தப் பணம் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது, எது நிலைத்தது, எது கைநழுவிப் போனது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. கொடையாளியைப் புகழ்வதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. எனக்கு ஆர்வம் கணக்கில்தான்.

கலைக்குப் பணம் கொடுப்பதில் நம்மிடம் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று சன்மானம். கச்சேரி முடிந்ததும் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள். அன்றைய கணக்கு அன்றோடு தீர்ந்தது. பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஸரளிவரிசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அவர் வீட்டு அரிசிக்கு யார் பொறுப்பு? அதற்கான பதில்தான் இரண்டாவது வழக்கம், வருஷம் முழுக்க விட்டுப்போகாமல் கிடைக்கும் ஊதியம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இதற்குத் தெளிவான சாட்சி இருக்கிறது. திருப்பதியம் என்னும் தேவாரப் பதிகங்களைப் பாட 48 பிடாரர்களையும் கூடவே உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குத் தலைக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. ஆடுகிறவரைவிட ஆட்டுவிக்கிறவருக்கு இரட்டிப்பு! இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அப்புறம் ஒரு நிபந்தனை. பங்கு பெறுபவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அவரே பார்த்து அமர்த்த வேண்டும். ஆள் மாறலாம், வேலை நிற்கக் கூடாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு செட்டிநாட்டுக்கு வருவோம்.

கானாடுகாத்தானில் 1881-இல் பிறந்த அண்ணாமலை செட்டியார், வட்டித்தொழிலும் வங்கித்தொழிலும் செய்த பெரிய குடும்பத்துப் பிள்ளை. நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார் சமூகத்தின் கணக்கு வழக்கில் மகமை என்று ஒன்று உண்டு. வரவில் ஒரு பகுதியைத் தர்மத்துக்கென்று எடுத்து வைப்பது. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தின் ஒரு பகுதி இப்படித்தான் கோயில் திருப்பணிக்கும் ஊரணிக்கும் வேத பாடசாலைக்கும் விடுதிக்கும் போனது. அண்ணாமலை செட்டியார் அந்தப் பழக்கத்தைக் கல்லூரிப் பக்கம் திருப்பினார். சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரி வந்தது. பிறகு தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள். இவற்றையெல்லாம் கூட்டி ஒரு பல்கலைக்கழகமாக்க 20 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1928-இல் சட்டம் நிறைவேறி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. அரசும் தன் பங்குக்குப் பணம் போட்டது. இசைக் கல்லூரி வந்ததும் அதே 1929-இல்தான்.

தில்லை நடராசர் கோயில் கொண்ட ஊரில் இசைக் கல்லூரி வந்தது பொருத்தம்தான். எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே சம்பளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த பொன்னையா பிள்ளை, சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பின்னாளில் எம்.எம். தண்டபாணி தேசிகர். ஒவ்வொருவரும் ஒரு குரு பரம்பரையின் கொழுந்து. அவர்களை ஒரே வளாகத்தில் உட்காரவைத்து, மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஏற்பாடு செய்ததில்தான் இந்தக் கொடையின் சூட்சுமம் இருக்கிறது.

அதுவரை சங்கீதம் கற்பதென்றால் குருகுலம். வித்வான் வீட்டில் போய் இருக்க வேண்டும், ஏவின வேலையைச் செய்ய வேண்டும், அவருக்கு மனம் வரும்போது ஒரு கீர்த்தனை கிடைக்கும். அந்த முறையில் வந்த பாட்டின் ஆழத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யார் வீட்டில் யார் தங்கலாம், யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதெல்லாம் பாட்டுக்கு முன்னாலேயே முடிவாகிவிடும். கல்லூரி என்று வந்ததும் அந்த வாசல் கொஞ்சம் அகன்றது. விண்ணப்பம் போடலாம், விடுதியில் தங்கலாம், படித்து முடித்தால் 'சங்கீத பூஷணம்' என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு சொல் பள்ளிக்கூடங்களில் பாட்டு வாத்தியார் வேலை வாங்கித் தந்தது. மேடையில் பெயர் வாங்காதவர்களும் பாட்டை நம்பிப் பிழைக்க வழி ஏற்பட்டது.

எஸ். ராமநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்த சங்கீத பூஷணம் அவர். பிறகு மதுரையில் இசைக் கல்லூரி முதல்வராக இருந்தார், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார், சிலப்பதிகாரத்தில் வரும் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். சிதம்பரத்தில் யாரோ ஒரு வாத்தியாருக்குக் கொடுத்த மாதச் சம்பளம் எத்தனை கை மாறி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். எந்த அறக்கட்டளையின் ஆண்டறிக்கையிலும் இதை ஒரு வரியாகக் காட்ட முடியாது.

அதே வளாகத்துக்கு 1931-இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். பழந்தமிழர் யாழைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்தது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அவர் உட்கார்ந்து எழுத இடமும் ஆதரவும் கொடுத்தவர் கோனாபட்டைச் சேர்ந்த இன்னொரு செட்டியார். ஆய்வுக்குப் பணம் என்பது பல சமயம் இப்படித்தான்: ஒரு வீடு, சாப்பாடு, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு அறை.

சரி, தமிழ்ப் பாட்டு விவகாரத்துக்கு வருவோம். கல்லூரி நடந்துகொண்டிருந்தபோதே செட்டியாருக்கு ஒரு குறை தெரிந்தது. தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசும் பிள்ளைகள், தமிழ் தெரிந்த வாத்தியாரிடம் கற்பதில் பெரும்பகுதி தெலுங்கும் வடமொழியுமாக இருந்தது. 1940-இல் தமிழ்ப் பாடல்களை வளர்க்கவென்றே தனியாக ஒரு தொகை ஒதுக்கினார். 1941 ஆகஸ்டில் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. அடுத்து திருச்சி, தேவகோட்டை என்று ஊர் ஊராக மாநாடுகள். ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி., எழுத்தாளர் கல்கி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் எல்லாம் ஆதரவாக நின்றார்கள். எதிர்ப்பும் சாமானியமாக இல்லை. கர்நாடக சங்கீதத்தின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும், அந்தத் தரம் குறையும்படி மொழி விஷயத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சென்னை மியூசிக் அகாடமி தீர்மானம் போட்டது. கல்கி எழுதி எழுதிப் பதில் சொன்னார். அந்தச் சண்டையின் சுவை தனி. அதற்குள் போனால் திரும்பி வர மாட்டோம்.

சண்டையில் அடிக்கடி எழுந்த கேள்வி: "பாடுவதற்குத் தமிழில் உருப்படி எங்கே இருக்கிறது?" வாதத்துக்குக் கேட்டதுதான் என்றாலும் அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது. தமிழில் கீர்த்தனை எழுதிய முத்துத்தாண்டவர் இருந்தார், அருணாசலக் கவிராயர் இருந்தார், கோபாலகிருஷ்ண பாரதி இருந்தார். சொற்கள் ஏட்டிலும் அச்சிலும் கிடைத்தன. மெட்டு? பழைய மெட்டுகளில் பல வழக்கொழிந்து போயிருந்தன. ஒரு வித்வான் புதிதாக ஓர் உருப்படியை மேடையேற்ற வேண்டுமானால் ராகம், தாளம், ஸ்வரக்குறிப்பு எல்லாம் வேண்டும். வெறும் சாகித்தியத்தை, அதாவது சொற்களை மட்டும், கையில் கொடுத்து "பாடுங்கள், தமிழ் வாழ்க" என்றால் யார் பாடுவார்?

பல்கலைக்கழகம் இந்த இடத்தில்தான் பணத்தைப் போட்டது. வித்வான்களைக் கொண்டு மெட்டமைத்து, ஸ்வரதாளக் குறிப்போடு தமிழிசைப் பாடல்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். பார்ப்பதற்குச் சப்பென்ற வேலை. பல்லவிக்கு மேலே ஸ்வரம், கீழே சாகித்தியம், பக்கத்துக்குப் பக்கம் அதுவேதான். இதற்கு மாலை மரியாதை கிடையாது, திறப்பு விழா கிடையாது. ஆனால் தமிழில் உருப்படி இல்லை என்ற பேச்சை மாநாட்டுச் சொற்பொழிவுகளைவிட இந்தத் தொகுதிகள்தான் அடைத்தன என்பது என் கருத்து. கலைக்குக் கொடுக்கப்படும் பணத்தில் மிகக் குறைவான கவனம் பெறுவதும் மிக அதிக நாள் உழைப்பதும் இந்த மாதிரிச் செலவுதான்.

அடுத்தது மேடை. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கியது. அந்த டிசம்பரில் செயின்ட் மேரீஸ் ஹாலில் முதல் இசைவிழா. சொந்த இடம் இல்லாததால் வாடகை மண்டபம். சங்கம் தானே ஓர் இசைக் கல்லூரியும் நடத்தியது. சீர்காழியிலிருந்து வந்த ஒரு சிறுவன் அங்கே படித்து 1949-இல் 'இசைமணி' பட்டம் வாங்கினான். சீர்காழி கோவிந்தராஜன். அப்போது அவருக்கு வயது 16. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்றவர். பிறகு அந்தக் குரல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கோயில் ஒலிபெருக்கியிலும் புகுந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். சங்கம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1942-இல், ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். நகரத்தார் பலர் அங்கே போட்ட முதலையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பர்மா விடுதலை பெற்ற பிறகு நிலங்கள் அரசுடைமையாகின. அதாவது, கொடையின் ஊற்று எதுவோ அது வற்றத் தொடங்கிய நேரத்தில்தான் இங்கே மேடை எழுந்தது. அண்ணாமலை செட்டியார் 1948-இல் காலமானார். ஒரே ஒரு மனிதரின் ஆர்வத்தில் நிற்கும் ஏற்பாடாக இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். மகன் முத்தையா செட்டியார் காலத்தில், 1952-இல், எஸ்பிளனேடில் மன்றம் கட்டி முடிந்தது. வாடகை மண்டபத்தில் தொடங்கிய சங்கத்துக்குச் சொந்த வாசல் வந்தது. கட்டடத்தைப் பற்றி நான் ஏளனமாகப் பேசுவதுபோல் தோன்றினால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நகரத்தின் மையத்தில் சொந்த மண்டபம் உள்ள அமைப்பு வருஷா வருஷம் இடத்துக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

மன்றத்தில் நடப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பண் ஆராய்ச்சி, அதாவது பழந்தமிழ் ராகங்களைப் பற்றிய ஆராய்ச்சி. 1949 முதல் தமிழிசைச் சங்கம் நடத்தி வருவது. ஓதுவார்களும் இசைப் புலவர்களும் ஒன்றாக உட்கார்ந்து தேவாரப் பண் ஒவ்வொன்றையும் எடுத்து அலசுவார்கள். மேகராகக்குறிஞ்சி என்றால் இன்றைய நீலாம்பரி, கௌசிகம் என்றால் பைரவி என்று பட்டியல் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் ஓதுவார் ஒருவர் தன் குரு சொன்னபடி பதிகத்தைப் பாடிக் காட்டும்போது, ஒரு ஸ்வரம் எதிர்பாராத இடத்தில் வந்து விழும். உடனே ஒருவர், இது பிற்காலக் கச்சேரிப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்பார். இன்னொருவர், இல்லை, கோயிலில் இப்படித்தான் கேட்டிருக்கிறேன் என்பார். மறுபடி பாடச் சொல்வார்கள். ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே இடத்தை அப்படியே, அதே ஸ்வரத்தோடு பாடுவார். அவருக்கு வாதம் தெரியாது, பாட்டு தெரியும். டிக்கெட் விற்று இப்படி ஒரு கூட்டம் நடத்த முடியாது. விளம்பரதாரர் யாரும் இதற்குப் பின்னால் பேனர் கட்ட ஆசைப்பட மாட்டார். யாரோ எப்போதோ போட்ட பணம் இருப்பதால்தான் அந்த ஒரு ஸ்வரத்தைப் பற்றி ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேச முடிகிறது.

இனி, சரியாக நடக்காதவை.

தமிழிசைக்கென்று தனி மேடை வந்தது நல்லதுதான். அதே சமயம் மற்ற மேடைகளுக்கு அது வசதியாகவும் போயிற்று. "தமிழ்தானே, அதற்கு அங்கே ஒரு சங்கம் இருக்கிறதே" என்று ஒதுங்கிக்கொள்ள ஒரு சாக்கு. மயிலாப்பூர்க் கச்சேரிகளில் தமிழ் உருப்படி பழையபடி கடைசி அரைமணியில்தான் வந்தது. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது எஸ்பிளனேடு மேடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே வித்வான் இங்கே வந்தால் முழுக்கத் தமிழில் பாடுவார், மறுநாள் அங்கே போனால் அங்குள்ள வழக்கப்படி பாடுவார். கொடையாளி வைக்கும் நிபந்தனை அவர் வாசலுக்குள் மட்டும்தான் செல்லும். பாட்டுத் தொகுதிகளுக்கு அந்த வாசல் கிடையாது, யார் வீட்டுக்கும் போகும். எது அதிக தூரம் போனது என்று கேட்டால் நான் தொகுதிகள் பக்கம்தான்.

இரண்டாவது, பெரிய சங்கதி. பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது சட்டத்திலேயே நிறுவனர் குடும்பத்துக்குத் தனி உரிமை இருந்தது. இணைவேந்தர் பதவி வழிவழியாக அவர்களுடையது. கொடுத்தவர் உயிரோடு இருந்து நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் வரை இது பலம். மூன்று தலைமுறை தாண்டி, பொறியியல், மருத்துவம், தொலைதூரக் கல்வி என்று நிறுவனம் பூதாகரமாக வளர்ந்த பிறகு, 1929-இல் போட்ட முதல் எந்த மூலைக்கு? தேவைக்கு மேல் ஆட்கள் சேர்ந்து, சம்பளம் கொடுக்க முடியாத நிலை வந்தது. 2013-இல் தமிழ்நாடு அரசு நிர்வாக அதிகாரி ஒருவரைப் போட்டுப் பல்கலைக்கழகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. புதுச் சட்டம் வந்தது, குடும்பத்தின் உரிமை முடிந்தது. கூடுதலாக இருந்தவர்கள் வேறு அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இதில் இசைத்துறையின் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இசைக்கென்று கொடுத்த பணம் பெரிய நிறுவனத்தின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால், அந்த நிறுவனத்துக்குக் காய்ச்சல் வந்தால் வீணை வகுப்புக்கும் காய்ச்சல்தான். தஞ்சைக் கல்வெட்டில் பிடாரர் நெல்லும் நட்டுவனார் பங்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, அளவு சொல்லி வெட்டப்பட்டிருப்பதன் அருமை இங்கே புரிகிறது. இன்று ஒரு சபாவுக்கோ இசைப்பள்ளிக்கோ அறக்கட்டளை வைக்க நினைப்பவர்கள் வக்கீலிடம் போவதற்கு முன் அந்தக் கல்வெட்டின் அச்சுப்படியை ஒருமுறை வாசிக்கலாம். விலைவாசியைப் பொறுத்தவரையும் அதில் ஒரு பாடம் உண்டு. ராஜராஜன் காசாக நிர்ணயிக்காமல் நெல்லாக நிர்ணயித்தான். ரூபாயில் போட்ட வைப்புநிதியின் வட்டியை நம்பி நடக்கும் பரிசுகள் நம்மூரில் எத்தனையோ உண்டு. ஒரு காலத்தில் அந்த வட்டியில் தம்புரா வாங்கலாம், இப்போது தம்புராவுக்கு உறை வாங்கலாம்.

சிதம்பரத்தில் இசைத்துறை நிற்கவில்லை. நுண்கலைப் புலத்தில் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் நாகசுரமும் பரதமும் நடக்கின்றன. சம்பளப் பட்டியலில் பணம் வரும் இடத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. முன்பு செட்டிநாடு, இப்போது அரசுக் கருவூலம். காலை வகுப்பில் தாளம் போட்டுக்கொண்டு முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகத் தடுமாறும் பிள்ளைக்கு அது தெரிய வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து, "மறுபடி முதலிலிருந்து" என்று சொல்ல ஒருவர் வந்திருக்கிறாரா என்பதுதான் அதற்குத் தெரியும்.